புதையல் டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சட்டையில் வருஷம் தவறாமல் ஒரு வாரம் பொத்தான் இருக்காது. காலையில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போன சட்டை சாயங்காலம் வாயைப் பிளந்துகொண்டு வீடு திரும்பும். முதல் தடவை இப்படி நடந்தபோது பெற்றோர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மைதானத்தில் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கின்றன, கேட்க நாதியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். விசாரித்தால், பிய்த்தது பிள்ளைகளேதான். காரணம் யார் என்று கேட்டால், எல்லா விரலும் ஒரே ஆளைக் காட்டின. தையல் டீச்சர்.

“பழைய பொத்தான் ஒண்ணு வீட்லேர்ந்து கொண்டு வாங்கன்னுதானே சொன்னேன்?” என்று அவர் அழாத குறையாகக் கேட்டார்.

“மறந்துட்டோம் டீச்சர். அதான் போட்டிருக்கறதுலயே எடுத்துட்டோம்.”

பொத்தான் எதற்கு என்று கேட்பீர்கள். ஈரக் களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, அதில் பொத்தானை வைத்து அமுக்கி, ஜன்னல் ஓரம் காயவைப்பார்கள். காய்ந்ததும் பொத்தானை நெம்பி எடுத்தால், களிமண்ணில் வட்டமும் நாலு ஓட்டையும் அச்சு அசலாக நிற்கும்.

“பொத்தான் இப்ப எங்க இருக்கு?”

“என் கையில டீச்சர்.”

“களிமண்ணுல என்ன இருக்கு?”

“பொத்தான் இருந்த இடம்.”

“அவ்வளவுதான். புதைபடிவம்னா வேற ஒண்ணும் இல்ல. நத்தை போயிடுச்சு. நத்தை இருந்த இடம் மட்டும் கல்லுல தங்கிடுச்சு.”

இதைச் சொல்லி முடித்த கையோடு அடுத்த பீரியட்டில் அதே டீச்சர் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு, பிய்ந்த பொத்தான்களை ஒவ்வொரு சட்டையாகத் தைத்துக் கொடுப்பார். அறிவியலில் கிழித்ததைத் தையலில் சரிக்கட்டுவது என்று ஆசிரியர் அறையில் இதைக் கேலி பேசுவார்கள். பேசட்டும். பிள்ளைகள் எதையும் மறக்கவில்லை. அதுதானே வேண்டும்?

எந்தப் புண்ணியவான் முதலில் சொன்னானோ, ‘தையல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ‘பு’வைச் சேர்த்துப் புதையல் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பூமிக்குள் புதைந்து கிடப்பதைப் பற்றிப் பாடம் நடத்தும் தையல்காரருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. டீச்சர் கேட்டுவிட்டு, “போங்கடா வாலுங்களா” என்றார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

உண்மையில் இவர் கல்லைத் தேடிப் போனவர் இல்லை. கல்தான் வந்து அவர் தலையில் விழுந்தது. அறிவியல் டீச்சர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போக, மற்ற பாடங்களை எப்படியோ பங்கு போட்டுக்கொண்டார்கள். பூமியைப் பற்றிய பாடம் மட்டும் யாருக்கும் வேண்டாத பிள்ளையாக நின்றது. தலைமையாசிரியை தையல் அறைக்கே வந்து நின்றார்.

“டீச்சர், உங்களுக்குத்தான் பீரியட் கம்மி. ஆறாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை மட்டும் பாத்துக்கோங்களேன். வெறும் கல்லும் மண்ணும்தானே?”

மாட்டேன் என்று சொல்ல இவருக்கு நாக்கு எழாது. பள்ளியில் தையல் டீச்சரின் நிலைமை அப்படி. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று, “தையல்தானே, நான் எடுத்துக்கறேன்” என்பார். அடுத்த நாள் ஆங்கில டீச்சர் வருவார். இவரும் சிரித்த முகமாக விட்டுக்கொடுத்துவிட்டு, காலியாகக் கிடக்கும் மிதி மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் தன் வகுப்புக்கு எந்தப் பிள்ளையாவது ஓடிவந்து அவர் பார்த்ததே கிடையாது.

முதல் நாள் கல் வகுப்பில் முன் பெஞ்சுப் பையன் ஒருவன், “டீச்சர், கல்லு எங்கேர்ந்து வருது?” என்று கேட்டான்.

“குவாரியிலேர்ந்து.”

“குவாரிக்கு எங்கேர்ந்து வருது?”

டீச்சர் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “நாளைக்குச் சொல்றேன்” என்றார். அன்று சாயங்காலம் நூலகத்துக்குப் போய், பிள்ளைகளுக்கான புத்தகம் ஒன்றை எடுத்து, நின்ற நிலையிலேயே பாதி படித்தார். கல் என்பது சும்மா கிடக்கிற சமாசாரம் இல்லை, அது உருகும், உறையும், உடைந்து மணலாகும், மணல் மறுபடி இறுகிக் கல்லாகும் என்பதெல்லாம் அந்த வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் காலுக்குக் கீழே இவ்வளவு நடந்திருக்கிறது, ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபமே வந்தது.

சொல்ல யார் இருந்தார்கள்? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தையல் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார் அப்பா. அவரையும் குறை சொல்ல முடியாது. இவருக்குப் பின்னால் மூன்று தங்கைகள். தையல் தெரிந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை, பிழைத்துக்கொண்டார். ஆனால் கல்லூரிப் பெண்கள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் இன்றைக்கும் அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்ப்பார்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்க அவருக்கு வராது. கைக்குப் பழக்கமானதை எடுத்துத்தான் பேச வரும். அதனால் பூமியையும் துணியாகவே பார்த்தார். பாறை அடுக்கு என்றால், துவைத்து மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த துணி. மலை மடிந்தால், கொசுவம். நிலம் பிளந்து ஒரு பக்கம் இறங்கினால், “தையல் விட்டுப்போச்சு, ஒரு பக்கம் நழுவிடுச்சு, பாத்தீங்களா?” பூமியின் வயதைச் சொல்ல அளவு டேப்பை நீளமாகப் பிடித்துக்கொள்வார். இந்த முனையில் பூமி பிறந்தது, அந்த முனையில் நாம் இருக்கிறோம். டைனோசர் ஒழிந்தது கடைசி அங்குலத்துக்குள். மனிதன் வந்தது எங்கே என்று கேட்டுவிட்டு, டேப்பின் ஓரத்தில் ஒரு நூலை ஒட்டிக் காட்டுவார்.

“அந்த நூலு தடிமன்தான் நாம. அதுக்குள்ளதான் இவ்வளவு அலட்டல்.”

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது ஒரு பாட்டு. பாட்டு என்றால் நாலே சொல். டீச்சர் “மேல?” என்பார், வகுப்பே “புதுசு!” என்று கத்தும். “கீழ?” என்பார், “பழசு!” என்று கூரை அதிரும். துணி அடுக்கில் கடைசியாக மடித்தது மேலே இருக்கும், முதலில் மடித்தது அடியில் இருக்கும், பாறையும் அப்படித்தான். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் காதைப் பொத்திக்கொள்வார். ஆனாலும், மணி அடித்ததும் பிள்ளைகள் மாடிப்படியில் தடதடவென்று தையல் அறைக்கு ஓடி வருவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டில் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மை போகாது. ஜன்னல் கட்டை, அலமாரி மேல்தட்டு, குளியலறை ஓரம் என்று கல் குடியேறாத இடமில்லை.

“அவனவன் பெண்டாட்டி நகை கேட்டு உயிரை எடுக்கறா. எனக்கு வாய்ச்சது, பாதையில நின்னு கல்லு பொறுக்குது” என்பார். என்றாலும் அச்சகத்தில் வீணாய்ப்போன வண்ணத்தாளை வீசாமல் சுருட்டிக்கொண்டு வருவார். அதன் பின்பக்கத்தில்தான் டீச்சர் எரிமலை வரைவார். மனுஷன் வாய்தான் அப்படி.

இப்படிச் சில வருஷம் நல்லபடியாகப் போனது. ஒரு நாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் மலர்ச்சி.

“டீச்சர், நல்ல சேதி. பூமி பாடத்துக்கே படிச்ச ஆளு ஒருத்தரைப் போட்டிருக்காங்க. சின்னப் பையன்தான், இப்பத்தான் படிச்சு முடிச்சிருக்கார். இனிமே உங்களுக்கு அந்தப் பாரம் இல்ல.”

“ரொம்ப சந்தோஷம் மேடம்” என்றார் டீச்சர்.

தையல் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மெஷின் முன்னால் உட்கார்ந்து, துணியே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். பாரமாம், பாரம்! இந்த அறைக்குப் பிள்ளைகள் ஓடிவந்தது அந்தப் பாரத்தால்தானே. அது போனால் மறுபடி எண்ணெய் போட வேண்டியதுதான், பரீட்சை வந்தால் பீரியட்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான். தனக்கென்று இருந்த ஒன்றே ஒன்று, அதையும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அளைந்துகொண்டிருந்தவரைக் கணவர் பார்த்தார்.

“என்ன ஆச்சு? கல்லு கிடைக்கலையா இன்னைக்கு?”

“ஏங்க, கிண்டல் பண்ணாதீங்க. அந்த வகுப்பை எடுத்துட்டாங்க.”

கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “யாரு கேட்டா உன்னை எடுக்கச் சொல்லி? நீயா போய் வாங்கினதா? அவங்களா கொடுத்தாங்க, அவங்களா எடுத்துக்கறாங்க. விட்டுத் தள்ளு.”

“விட முடியலங்க.”

கணவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அலமாரி மேல்தட்டிலிருந்த கல் ஒவ்வொன்றையும் எடுத்துத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதைச் செய்தது அதுவே முதல் தடவை.

புது ஆசிரியர் வந்து சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, தோள்பையில் ஒரு சுத்தியல். பிள்ளைகளுக்கு அது போதாதா? முதல் நாளே சுத்தியல் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஒரு சாதாரண உருண்டைக் கல்லைத் தட்டி உடைத்து, உள்ளே பளபளவென்று படிகம் நிற்பதைக் காட்டியதாகவும், வகுப்பே வாயைப் பிளந்ததாகவும் டீச்சர் காதுக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்தது ஏன்குட்டி. எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்த பெயர் அது.

“டீச்சர், அந்தக் கல்லு உள்ள வெறும் நட்சத்திரமா இருக்கு! நீங்க ஏன் எங்களுக்குக் காட்டல?”

“எங்கிட்ட சுத்தியல் இல்லையே கண்ணு” என்றார் டீச்சர். உள்ளே சுருக்கென்றது.

அதனாலோ என்னவோ, சுத்தியல் சார் வந்து, “டீச்சர், வகுப்புக்காக நீங்க சேத்து வெச்ச கல்லெல்லாம் தையல் அறை அலமாரியில இருக்காமே, சாவி கிடைக்குமா?” என்று பணிவாகக் கேட்டபோது, “சாவியா? எங்க வெச்சேன்னு தெரியலையே சார், தேடிப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டார். சாவி அவர் கைப்பையில் இருந்தது. சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. நல்ல மனுஷிதான். நல்ல மனுஷிக்கும் பொறாமை வரும், வந்தால் இப்படித்தான் சின்னத்தனமாக வரும்.

பருவம் முடிவதற்குள் பிள்ளைகளைப் பழைய குவாரிக்குக் கூட்டிப்போக சுத்தியல் சார் ஏற்பாடு செய்தார். பெண் பிள்ளைகளும் வருவதால் ஒரு டீச்சர் கூட வரவேண்டும் என்றார் தலைமையாசிரியை. வேறு யாருக்கும் நேரமில்லை. தையல் டீச்சருக்குத்தான் எப்போதும் நேரம் உண்டே.

வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். குவாரியைப் பார்த்ததும் அந்த முறைப்பு தானாக இறங்கிவிட்டது. மலையை நெடுக அறுத்துத் திறந்து வைத்தது மாதிரி ஒரு சுவர். பழுப்பு, சாம்பல், மஞ்சள், மறுபடி பழுப்பு என்று அடுக்கு அடுக்காகச் சாய்ந்து நின்றது. இத்தனை வருஷம் துணியை அடுக்கிக் காட்டியவர், உண்மையான அடுக்கை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பிள்ளைகளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஏன்குட்டிதான் முதலில் கத்தினாள்: “மேல?”

“புதுசு!” என்றது கூட்டம் முழுக்க.

“கீழ?”

“பழசு!” குவாரிச் சுவரில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன இருந்தாலும் என் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு, சுத்தியல் சார் பக்கம் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

சுத்தியல் சார் சிரித்தார். “பெரும்பாலும் அதுதான் சரி. ஆனா இந்த இடம் கொஞ்சம் வில்லங்கமான இடம். கிட்ட வந்து பாருங்க.”

சுவரில் ஒரு சாம்பல் அடுக்கைக் காட்டினார். அதற்குள் வேறு நிறத்தில் சின்னச் சின்ன ஆப்பு அடித்தது மாதிரி கோடுகள் இருந்தன.

“மழை பெஞ்சு ஓஞ்சு, சேறு காஞ்சா என்ன ஆகும்?”

“வெடிக்கும் சார்!”

“அந்த வெடிப்பு எங்க அகலமா இருக்கும், எங்க ஒடுங்கி இருக்கும்?”

“மேல அகலம். உள்ள போகப் போக ஒடுங்கிடும்.”

“அப்புறம் அதுக்குள்ள மணல் போய் அடைச்சுக்கும். அது அப்படியே கல்லாகிடுச்சுன்னு வைங்க. இப்ப இந்தக் கோட்டைப் பாருங்க. எந்தப் பக்கம் அகலம்?”

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு ஏன்குட்டி மூச்சை இழுத்துக்கொண்டு, “சார்! கீழதான் அகலமா இருக்கு. இது தலைகீழா கிடக்கு!” என்றாள்.

“அதேதான். இந்த இடமே புரண்டு கிடக்கு. இங்க மேல இருக்கறதுதான் பழசு. கீழ இருக்கறது புதுசு.”

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் டீச்சர் பக்கம் திரும்பியது. ஏன்குட்டிக்கு மனதில் ஒன்றும் கிடையாது, வாய்தான் சும்மா இருக்காது. “அப்ப டீச்சர் சொல்லிக் கொடுத்தது தப்பா சார்?”

சுத்தியல் சாருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. “சேச்சே, தப்புன்னு இல்ல...” என்று இழுத்தார். டீச்சருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. பூமி அங்கே ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தது, ஒளியத்தான் இடமில்லை. வண்டியில் போய் உட்கார்ந்துவிடலாம். தலைவலி என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திரும்பி ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

ஆனால் அந்தக் கோடு அவரை விடவில்லை. நிஜமாகவே கீழேதான் அகலமா? திரும்பி வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தார். துணியை வாங்கினால் கை முதலில் என்ன செய்யுமோ அதையே செய்தது. எது நல்ல பக்கம், எது உள் பக்கம் என்று தேடியது. தையல் வகுப்பின் முதல் நாள் பாடமே அதுதான். பக்கம் பார்க்காமல் கத்திரி வைக்காதே. பக்கம் பார்க்காமல் வெட்டியவர்கள்தான் ஒரே கைக்கு ரெண்டு சட்டைக்கை தைத்துவிட்டு விழிப்பார்கள். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்! கல்லுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு, ஓர் உள் பக்கம் உண்டு என்று ஒரு நாளும் தோன்றவில்லையே. மடித்து வைத்த அடுக்கை மட்டுமே பார்த்தார். அடுக்கையே யாராவது தூக்கிக் கவிழ்த்திருப்பார்களா என்று பார்க்கவில்லை.

“தப்புதான் கண்ணுங்களா” என்றார் சத்தமாக. “டீச்சர் பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கேன். மேல இருக்கறது புதுசு, கீழ இருக்கறது பழசு, யாரும் புரட்டிப் போடாத வரைக்கும். பக்கம் பாக்காம சொல்லிட்டேன்.” பிறகு சுவரை அண்ணாந்து பார்த்தார். அதன் உயரம் அப்போதுதான் உறைத்தது. “சார், இதை யாரு சார் புரட்டினது? இவ்வளவு பெரிய மலைய?”

அந்தக் கேள்வியைக் கேட்ட குரல் ஆறாம் வகுப்புக் குரல். சுத்தியல் சார் முகத்தில் சங்கடமெல்லாம் மறைந்து ஒரு வெளிச்சம் வந்தது. கைக்குட்டையை எடுத்து ஒரு தட்டைக் கல்லின்மேல் விரித்து, ரெண்டு பக்கத்திலிருந்தும் மெதுவாக நெருக்கினார். நடுவில் துணி எழும்பியது. இன்னும் நெருக்கினார். எழும்பிய மடிப்பு ஒரு பக்கமாகச் சரிந்து தன்மேலேயே கவிழ்ந்து படுத்தது.

“ஐயோ!” என்றார் டீச்சர். “அடியில இருந்தது அப்படியே மேல வந்து உக்காந்துக்குது!”

“வந்துடுச்சு பாத்தீங்களா?”

“கல்லு எப்படி சார் துணி மாதிரி வளையும்? உடையாதா?”

“ஆழத்துல சூடு ஜாஸ்தி. மெதுவா, ரொம்ப ரொம்ப மெதுவா நெருக்கினா வளையும் டீச்சர்.”

“எவ்வளவு மெதுவா?”

“நகம் வளருதே, அவ்வளவு மெதுவா.”

“நெருக்கறது யாரு?”

“தரையேதான். ரெண்டு பெரிய துண்டு தரை ஒண்ணு மேல ஒண்ணு மோதிக்குது.”

“மோதினது நின்னுடுச்சா, இன்னும் மோதுதா? சரிஞ்ச மடிப்புல மிச்சம் எங்க போச்சு? மேல்பக்கம் எங்க?”

கேள்விமேல் கேள்வியாகக் கொட்டியது. எல்லாம் எத்தனையோ வருஷமாக உள்ளே தேங்கிக் கிடந்த கேள்விகள். நூலகத்துப் புத்தகம் தான் சொல்ல வந்ததைச் சொல்லும், எதிர்த்துக் கேட்டால் பேசாது. கணவரிடம் கேட்டால், “எனக்கென்னம்மா தெரியும்?” என்பார். ஆசிரியர் அறையில் கேட்டால் சிரிப்பார்கள். தனக்குக் கேட்க ஓர் ஆள் இருந்ததே இல்லை என்பது, அந்த ஆள் எதிரில் வந்து கைக்குட்டையோடு மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. இந்தப் பையனிடமா சாவியை ஒளித்து வைத்தோம் என்று கூசியது.

கடைசியில் ஏன்குட்டி பொறுக்கமாட்டாமல் காலைத் தரையில் உதைத்தாள். “சார், டீச்சர் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காங்க! நாங்களும் கேக்கணும்!”

ஏன்குட்டியையே ஒருத்தர் மிஞ்சிவிட்டார் என்று வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

திரும்பும்போது வண்டியில் டீச்சர் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். “இந்தாங்க சார். தொலையல. கொடுக்க மனசு வரல, அவ்வளவுதான்.”

சுத்தியல் சார் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “நானா இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் டீச்சர். இந்தப் பசங்களுக்கு உங்க மேல உசுரு. நான் என்ன சொன்னாலும், ‘டீச்சர் இதைத் துணியில காட்டுவாங்க’ன்னு சொல்றாங்க. எனக்கு இருக்கற ஒரே ஆயுதம் சுத்தியல்.”

டீச்சருக்குக் கண் கலங்கியது. மறைப்பதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார். இந்த முறை நாக்கு எழுந்தது.

“மேடம், ஆறாம் வகுப்புக்கு சார் பூமி பாடம் எடுக்கற பீரியட்ல எனக்கு வகுப்பு இல்ல. நான் போய்ப் பின்னாடி உக்காந்துக்கட்டுமா?”

“எதுக்கு டீச்சர்? புது ஆளாச்சே, பசங்க அடங்க மாட்டேங்குதா?”

“அதெல்லாம் அடங்கும் மேடம். நான் படிக்கப் போறேன்.”

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த வயசுலயா?” என்று கேட்க வாயெடுத்தவர், எதிரில் நின்ற முகத்தைப் பார்த்துவிட்டு, “போங்க” என்றார். “அந்த பீரியட்டை யாரு கேட்டாலும் கொடுத்துடாதீங்க.”

கடைசி பெஞ்சில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஆறாம் வகுப்புக்குச் செய்த பெஞ்சில் ஐம்பதை நெருங்குகிறவர் காலை எங்கே மடக்குவது? ரெண்டு பிள்ளைகள் ஒண்டிக்கொண்டு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி பென்சில் கொடுத்தாள். சுத்தியல் சார் உள்ளே வந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார், ஒரு கணம் தடுமாறினார், பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி வருகைப் பதிவேட்டைத் திறந்து கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. கடைசிப் பெயரும் முடிந்து அவர் பதிவேட்டை மூடப் போனார்.

“சார்” என்றாள் ஏன்குட்டி. “ஒருத்தங்களை விட்டுட்டீங்க.”

வகுப்பு முழுக்க முதுகைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. விட்டுப்போனதைச் சரிசெய்யக் காத்திருந்தார்கள். சுத்தியல் சார் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“புதையல் டீச்சர்.”

டீச்சர் எழுந்தார். முழங்கால் பெஞ்சில் இடித்தது. அந்தப் பதிலை அவர் கடைசியாகச் சொன்னது பத்தாம் வகுப்பு முடிந்த நாளில். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகும்போது, இனிமேல் தன்னை யாரும் பதிவேடு பார்த்துக் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குரல் வருமா என்று பயமாக இருந்தது. வந்தது.

“உள்ளேன் ஐயா.”